பின்னால் எத்தனை பேர்

காலை பத்து மணி. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. பயப்படுவதற்குத் தோதான நேரமே இல்லை என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மண்பாதையின் கடைசியில் காரை நிறுத்தி இறங்கினாள். கீழே பழைய சுரங்கத்தின் வாய் தெரிந்தது. ஒரு காலத்தில் கல் வெட்டி எடுத்த இடம். ஊற்றுத் தண்ணீர் ஏறி எல்லாம் மூழ்கிப்போய், வாசலில் இப்போது ஒரு பச்சைக் குளம்தான் மிச்சம். அந்தக் குளத்தில் இறங்கிப் பாறைக்கு அடியில் நுழைந்தால் உள்ளே நூற்றிருபது மீட்டர் நீளத்துக்குப் பாதை போகிறது. தரையிலிருந்து கூரைவரை தண்ணீர்.

கடலில் முக்குளிப்பவனுக்கு ஏதாவது ஆனால் நிமிர்ந்து மேலே நீந்தினால் போதும், வானம் இருக்கும். இங்கே மேலே போனால் மண்டையில் கல் இடிக்கும். எவ்வளவு ஆபத்து வந்தாலும் போன வழியேதான் திரும்பி வர வேண்டும். அதனால் தலைக்கு மேல் கூரை உள்ள இடங்களில் பயிற்சி கொடுப்பதற்கென்று தனி விதிகள் உண்டு. ஒரு பயிற்சியாளருக்கு இரண்டு மாணவர்களுக்கு மேல் கூடாது. வாசலிலிருந்து உள்ளே வரை அறுபடாத வழிக்கயிறு வேண்டும். சிலிண்டரில் உள்ள காற்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு ஆபத்துக்கு. இப்படி முப்பத்தியிரண்டு பக்கம். அத்தனையும் எழுதியவள் அவள்தான். இந்தச் சுரங்கத்தில் மறுபடி பயிற்சி நடத்தலாமா என்று பார்த்துக் கையெழுத்துப் போடத்தான் விதிக் குழு அவளை அனுப்பியிருந்தது.

“வாங்க, வாங்க. சட்டாம்பிள்ளை வந்தாச்சு. இனிமே மூச்சு விடறதுக்கும் அனுமதி வாங்கணும்ப்பா!”

வாத்தியார் சிரித்துக்கொண்டே மேலே ஏறி வந்தார். அறுபதைத் தொட்டவர். முக்குளிப்பு சொல்லிக்கொடுத்தே காது மந்தமாகிப்போன மனிதர். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கும் அவள் அக்காவுக்கும் இதே இடத்தில் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். மூன்று பேராக உள்ளே போனார்கள். இரண்டு பேராக வெளியே வந்தார்கள். அக்காவின் உடம்பு இன்றுவரை கிடைக்கவில்லை.

“நீங்களே வருவீங்கன்னு நினைக்கல. மனசுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு பார்த்தேன்.”

“வேலைதானே சார்” என்றாள்.

வேறொருவரை அனுப்புகிறேன் என்று குழுவின் செயலாளர் சொல்லத்தான் சொன்னார். அவள்தான் விடவில்லை. வேறொருவர் வந்தால் துருவித் துருவிக் கேட்பார். அன்றைக்கு உள்ளே என்ன நடந்தது என்று வாத்தியாரை உட்காரவைத்து முதலிலிருந்து ஆரம்பிப்பார். அந்த வம்பே வேண்டாம் என்றுதான் வந்தாள். இந்த உலகத்தில் ஒரு ஜீவனுக்கும் தெரியாத ஒன்று அவள் நெஞ்சில் பதினோரு வருஷமாகக் கல்லாகக் கிடந்தது.

தகரக் கொட்டகைக்கு அடியில், ஒரு கரும்பலகைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் அவள் நடையை நிறுத்தினாள்.

“அத்தான்? நீங்க எங்க இங்க?”

அக்காவின் கணவர் எழுந்து நின்றார். சட்டை அவருக்குத் தொளதொளவென்று இருந்தது. “நேரம் எழுதுறதுக்கு ஆள் வேணும்னாரு. நான் கேட்டு வாங்கிக்கிட்டேன்மா. வீட்ல உக்காந்து என்ன பண்ணப் போறேன்.”

யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று கரையில் ஒருவர் எழுதிவைக்க வேண்டும் என்பதும் அவள் எழுதிய விதிதான்.

மாணவர்கள் இரண்டு பேர். ஒருத்தி ஆஸ்பத்திரியில் நர்ஸ், மெல்லிய உடம்பு, துருதுருவென்று இருந்தாள். இன்னொருவர் பஸ் டிரைவர். மீட்புக் குழுவில் தொண்டராகச் சேர்ந்திருந்த இரண்டு பேரும் மூழ்கிய இடங்களில் தேடப் பழகுவதற்காக வந்திருந்தார்கள். டிரைவர் ஆள் ஆஜானுபாகு. ஒவ்வொரு கையும் தூண் மாதிரி. ஆனால் முகத்தில் பயம் எழுதி ஒட்டியிருந்தது.

“மேடம், உள்ள நான் தனியாப் பிரிஞ்சுட்டா என்ன பண்ணணும்?” நான்காவது தடவையாகக் கேட்டார்.

“கயித்தை விடாதீங்க. எந்தப் பக்கம் வாசல்னு சந்தேகமா இருந்தா அங்கயே நில்லுங்க. முன்னாடி போனவங்க திரும்பி வந்து கூட்டிட்டு வருவாங்க.”

“கண்டிப்பா வருவாங்க இல்ல?”

“அதுக்குத்தானே எண்ணிக்கை வச்சிருக்கோம்” என்று வாத்தியார் அவர் முதுகில் தட்டினார்.

எண்ணிக்கை என்பது இதுதான். உள்ளே சேறு கலங்கினால் உள்ளங்கைகூடத் தெரியாது. அப்போது எல்லோரும் வரிசையாக, இடது கையில் வழிக்கயிறு, வலது கையில் முன்னால் இருப்பவரின் புஜம் என்று பிடித்துக்கொண்டு வர வேண்டும். முதலில் போகிறவர் நின்று கயிற்றைச் சுண்டினால் எண்ணிக்கை கேட்கிறார் என்று பொருள். கடைசியில் வருபவர் தன் முன்னால் இருப்பவரை ஒரு தடவை அழுத்துவார். அவர் தன்னையும் சேர்த்துத் தன் முன்னால் இருப்பவரை இரண்டு தடவை அழுத்துவார். இப்படியே போய், எல்லோருக்கும் முன்னால் போகிறவருக்கு எத்தனை அழுத்தம் வருகிறதோ அத்தனை பேர் பின்னால் பத்திரமாக வருகிறார்கள் என்று அர்த்தம். குறைந்தாலும் கூடினாலும் உடனே நிற்க வேண்டும்.

“அன்னைக்கு விசாரணையில கடைசி வரைக்கும் உடையாம நின்னது இந்த எண்ணிக்கை ஒண்ணுதான்” என்றார் வாத்தியார், மாணவர்களிடம். “வாசலுக்கு இருபது மீட்டர் இருக்கறப்ப எனக்கு ரெண்டு அழுத்தம் வந்துச்சு. மேடம்தான் கொடுத்தாங்க. பாவம், அவங்க அக்கா அதுக்கப்புறம்தான் கயித்தை விட்டிருக்காங்க. அதனாலதான் விதியிலயே போட்டிருக்கோம். எண்ணிக்கை சரியா இருந்து ஆள் காணோம்னா முதல்ல கடைசி இருபது மீட்டரைத் தேடணும்.”

அத்தான் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணி ஒரே இடத்தில் போய்ப் போய் வந்தது.

அவள் குனிந்து கால் துடுப்பை மாட்டினாள்.

அக்கா அன்றைக்கு அவளை அழுத்தவே இல்லை.

வாத்தியார் எண்ணிக்கை கேட்டார். அவள் பின்னாலிருந்து வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. சிலிண்டரில் காற்று இறங்கிக்கொண்டிருந்தது. எப்படியாவது வெளியே போனால் போதும். அக்கா எப்போதும் பின்னால்தானே வருவாள், எங்கே போய்விடப்போகிறாள் என்று நினைத்து வாத்தியாரின் புஜத்தை இரண்டு தடவை அழுத்தினாள். வெளியே வந்ததும் அந்தப் பொய்யை விழுங்க முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. “அக்கா அழுத்தினா, நான் முன்னாடி அனுப்பினேன்” என்றே விசாரணையிலும் சொன்னாள். இரண்டு நாள் எல்லோரும் கடைசி இருபது மீட்டரையே சல்லடை போட்டுச் சலித்தார்கள். அதுவே பிறகு விதியாகி, அவள் கையாலேயே பதினேழாம் பக்கத்தில் ஏறியது.

பதினொன்று பத்துக்கு நான்கு பேரும் இறங்கினார்கள். அத்தான் பலகையில் நான்கு கோடு போட்டார்.

பாறைக்கு அடியில் நுழைந்ததும் வெயில் அறுந்துவிட்டது. டார்ச் வெளிச்சத்தில் உளி விழுந்த சுவர்கள் இருபுறமும் நகர்ந்தன. காதில் அவரவர் மூச்சுச் சத்தம் மட்டும். விட்ட மூச்செல்லாம் குமிழாகப் போய்க் கூரையில் மோதி, வழி தெரியாமல் அங்கேயே ஒட்டிக்கொண்டு உருண்டது. குளிர் முதலில் விரல்களில் ஏறியது.

எண்பதாவது மீட்டரில் பாதை அகன்று ஒரு அறை போலாகும். அங்கிருந்து இடது பக்கம் ஒரு கிளை பிரிந்து கீழே இறங்குகிறது. அதற்கும் ஒரு பழைய கயிறு உண்டு. அறையின் நடுவே வாத்தியார் கையைக் காட்டி நிறுத்தினார். இனி இருட்டுப் பயிற்சி. மாணவர்கள் மாஸ்க்கின் மேல் கறுப்பு உறையை மாட்டிக்கொண்டு, டார்ச்சை அணைத்து, தடவித் தடவி வரிசையாகி வெளியே போக வேண்டும். முதலில் வாத்தியார், அடுத்து நர்ஸ், அடுத்து டிரைவர், கடைசியில் அவள்.

டிரைவர் உறையை மாட்டும்போது பதறிப்போய்க் காலை உதைத்துவிட்டார். அடித்தரைச் சேறு புகைபோல எழும்பியது. ஒரே நொடியில் அவள் டார்ச்சுக்கு முன்னால் பழுப்புச் சுவர்தான். கடைசியில் வருகிற ஆய்வாளரின் டார்ச் அணையக் கூடாது என்று எழுதியவளே, எரிந்தால் கண்ணைத்தான் கூசுகிறது என்று அதை அணைத்தாள்.

வழிக்கயிறு இடது கையில் இருந்தது. வலது கையை முன்னே நீட்டித் துழாவினாள்.

ஒரு கை கிடைத்தது. பிடித்துக்கொண்டாள்.

இவ்வளவு ஒல்லியா டிரைவரின் கை? ஒரு கணம் தோன்றியது. தண்ணீருக்குள் எல்லாம் ஒரு மாதிரியாகத்தான் தெரியும் என்று விட்டுவிட்டாள். விதிப்படி ஒரு தடவை அழுத்தினாள். அந்தக் கை அதை வாங்கிக்கொண்டு முன்னால் அனுப்பியிருக்க வேண்டும், வரிசை நகர ஆரம்பித்தது.

இருட்டில் தூரம் தெரியாது. கயிற்றில் பத்து மீட்டருக்கு ஒரு முடிச்சு. ஒரு முடிச்சு போயிற்று. இரண்டாவது முடிச்சும் போயிற்று. முன்னால் இருந்த கை நிதானமாக, துளிகூடப் பதற்றமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. பரவாயில்லையே, பயந்தாங்கொள்ளி தேறிவிட்டாரே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

அப்போது ஏதோ அவள் கெண்டைக்காலைத் தொட்டது.

கயிறாக இருக்கும்.

மறுபடி தொட்டது. ஐந்து விரல். காலைச் சுற்றி மூடின.

ஒரு தடவை அழுத்தின.

அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை. கடைசி ஆள் அவள்தான். குறுகலான இடத்தில் புஜத்துக்குப் பதிலாகக் கெண்டைக்காலைப் பிடிக்கலாம் என்பது விதி. ஒரு அழுத்தம் என்றால், ‘நான்தான் கடைசி, நான் இருக்கிறேன்.’ பதினோரு வருஷத்துக்கு முன்னால், இதே பாதையில், எந்த ஒரு அழுத்தத்துக்காகக் காத்திருந்தாளோ அது இப்போது வந்தது.

அக்கா.

அவள் எழுதிய விதி என்ன சொல்கிறது என்று அவளுக்குத் தெரியும். பின்னாலிருந்து அழுத்தம் வந்தால், யாராக இருந்தாலும், தன்னையும் சேர்த்து முன்னால் சொல்ல வேண்டும். இரண்டு தடவை அழுத்தினால் போதும். வாத்தியாருக்கு மூன்றுக்குப் பதில் நான்கு போகும். அவர் அப்படியே நிறுத்திவிடுவார்.

பின்னால் இருந்த கை மறுபடி அழுத்தியது. அவசரமாக. கெஞ்சுவது போல.

அவள் உதைத்தாள்.

துடுப்பு மெத்தென்று எதிலோ பட்டது. விரல்கள் நழுவின. இன்னொரு தடவை உதைத்தாள், இன்னும் பலமாக. முன்னால் இருந்த கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, வந்துவிடாதே வந்துவிடாதே என்று மனசுக்குள் கதறிக்கொண்டே போனாள். அடுத்த முடிச்சில் வாத்தியார் எண்ணிக்கை கேட்டார். அவள் முன்னால் ஒரே ஒரு தடவை அழுத்தினாள்.

முன்னால் இருந்த கை ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு அவளை மெதுவாக இழுத்துக்கொண்டு நகர்ந்தது. வாசலுக்கு இருபது மீட்டரில் மறுபடி கேட்டபோதும் அவள் ஒன்றுதான் அழுத்தினாள்.

பச்சை வெளிச்சம் தெரிந்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாஸ்க் முழுக்கச் சேறு. பிடித்திருந்த கை அவளிடமிருந்து விலகி மேலே போனது. அவள் தலையை வெளியே நீட்டி, மாஸ்க்கைக் கழற்றி, வெயிலைப் பார்த்து ஒரு மூச்சு இழுத்தாள்.

“நாலு!” என்றார் அத்தான். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். “நாலு பேரும் வந்தாச்சு!”

வாத்தியார் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நர்ஸ் கறுப்பு உறையைக் கழற்றிச் சிரித்தாள். “அப்பாடா. முடிஞ்சுது.”

“டிரைவர் எங்கப்பா?”

“இப்பத்தானே ஆள் ஏறிப் போச்சு” என்றார் அத்தான், உடை மாற்றும் அறையைக் காட்டி. “உங்க ரெண்டு பேருக்கும் அடுத்ததா. முதுகைத்தான் பார்த்தேன்.”

வாத்தியார் அறைக்குப் போய்க் கூப்பிட்டார். பதில் இல்லை. கதவைத் தட்டினார். கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார், கார்களுக்குப் பின்னால் பார்த்தார், வாந்தி எடுக்கப் போயிருப்பாரோ என்று புதர்ப் பக்கமும் போனார். நான்கு நிமிஷம் இதிலேயே போயிற்று. திரும்பி வந்தபோது அவர் முகம் வெளிறியிருந்தது.

“உள்ள யாரும் இல்ல. தரை மட்டும் ஈரமா இருக்கு.” அவளைப் பார்த்தார். “மேடம், உங்களுக்கு முன்னாடி அவருதானே வந்தாரு? கையைப் பிடிச்சிருந்தீங்க இல்ல?”

பிடித்திருந்தாள். ஒல்லியான, நிதானமான, வழி தெரிந்த ஒரு கையை.

அப்படியானால் காலைப் பிடித்தது யார்?

அவள் குனிந்து தன் கெண்டைக்காலைப் பார்த்தாள்.

“எண்ணிக்கை சரியா இருந்துச்சு, எனக்கு மூணு வந்துச்சு” என்று வாத்தியார் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு புதுச் சிலிண்டரை மாட்டினார். “கடைசி இருபது மீட்டர்தான். அங்கதான் விட்டிருப்பாரு.” பதினேழாம் பக்கத்தில் எழுதியிருந்தபடியே இறங்கினார்.

அவள் கரையில் நின்றாள். இல்லை, அங்கே இல்லை, இன்னும் உள்ளே, அறைக்குப் பக்கத்தில் என்று சொல்ல வேண்டும். சொன்னால், எப்படித் தெரியும் என்பார்கள். காலைப் பிடித்தார், உதைத்தேன் என்று சொல்ல வேண்டும். ஏன் உதைத்தாய் என்பார்கள். ஏன் உதைத்தாள் என்றால், அதற்குப் பதில் பதினோரு வருஷத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அத்தான் ஐந்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். இதோ வாத்தியாரே கண்டுபிடித்துவிடுவார், இதோ இப்போது டிரைவர் தலை தெரிந்துவிடும் என்று குளத்தையே பார்த்தாள். குமிழிகள் ஒரே இடத்தில் வட்டம் போட்டன. இந்தப் பக்கம் போயின. அந்தப் பக்கம் வந்தன.

ஒன்பது நிமிஷம்.

நர்ஸ்தான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். “மேடம்! உங்களுக்கு ஏதாவது தெரியுமா? தெரிஞ்சா சொல்லுங்க மேடம், ஒரு உசிரு!”

“அங்க இல்ல!” அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. “உள்ள. அறைக்குப் பக்கத்துல. என் காலைப் பிடிச்சாரு. நான் உதைச்சிட்டேன். எண்ணிக்கை பொய். நான் பொய் சொன்னேன்!”

புதுச் சிலிண்டரை எப்படி மாட்டினாள், எப்படி இறங்கினாள் என்று தெரியாது. வாத்தியாரை வழியிலேயே இடித்துத் தள்ளிக்கொண்டு போனாள். சேறு கொஞ்சம் படிந்திருந்தது. அறுபதாவது மீட்டரில், முடிச்சுக்குப் பக்கத்தில், டார்ச் வெளிச்சத்தில் டிரைவர் இருந்தார்.

கயிற்றை விடவே இல்லை. இரண்டு கையாலும் பிடித்தபடி, சொல்லிக்கொடுத்தது போலவே, அதே இடத்தில் அசையாமல் நின்றார். கறுப்பு உறையைக் கழற்றியிருந்தார். குழாய் வாயில்தான் இருந்தது. சிலிண்டரின் முள் பூஜ்யத்தில் நின்றது. மாஸ்க்குக்குள் கண் திறந்திருந்தது, வாசல் இருக்கும் பக்கத்தைப் பார்த்து.

உடம்பில் சூடு இன்னும் இருக்கிறது என்றாள் நர்ஸ், கரையில் அவர் மார்பை அழுத்திக்கொண்டே. முக்கால் மணி நேரம் அழுத்தினாள். பிறகு நிறுத்திவிட்டுத் தன் கையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். “எனக்குப் பின்னாடி கை பிடிச்சது யாரு?” என்று யாரையும் பார்க்காமல் கேட்டாள். “ரெண்டு தடவை அழுத்துச்சே. அவ்வளவு சரியா அழுத்துச்சே.”

அத்தானின் நாற்காலி காலியாக இருந்தது. அவர் எப்போது போனார் என்று ஒருவரும் கவனிக்கவில்லை.

அடுத்த இரண்டு நாளில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். போலீஸிடம் சொன்னாள், குழுவிடம் எழுதிக்கொடுத்தாள். நடுவில் இருக்கிற ஒருவர் பயந்துபோய்ப் பொய் சொன்னால் இந்த எண்ணிக்கை ஆளைக் கொன்றுவிடும், இது எனக்குப் பதினோரு வருஷமாகத் தெரியும் என்று எழுதினாள். வாத்தியார் அதைப் படித்துவிட்டு எழுந்து போனார். டிரைவரின் மனைவி மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “உங்க காலைப் பிடிச்சாரா அவரு?”

“ஆமாம்மா.”

“தெரிஞ்சவங்க காலுன்னு நம்பித்தானே பிடிச்சிருப்பாரு” என்றாள் அந்தப் பெண். திட்டியிருந்தால் இவள் தாங்கியிருப்பாள்.

இன்னும் ஒருவர் பாக்கி. கரையில் அவள் கத்தியதை அத்தான் கேட்டிருப்பார் என்றாலும், நேரில் போய் வாயால் சொல்ல வேண்டும். காலில் விழ வேண்டும். அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்றாம் நாள் மத்தியானம் போனாள்.

ஜன்னல்களில் எல்லாம் போர்வை தொங்கியது. கதவைத் தட்டியதும் உடனே திறந்துவிட்டார். முகம் மழித்து, தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். பத்து வயது குறைந்துவிட்ட மாதிரி இருந்தது. அவளைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அக்காவின் கல்யாணத்துக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறாள்.

“வாம்மா. செருப்பை அங்கயே விட்டுடு. மெல்லப் பேசு.”

உள்ளே இருட்டாக இருந்தது. பாசி பிடித்த கல்லின் வாடை, மூடிவைத்த தண்ணீரின் வாடை, மூக்கில் ஏறியது. அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

“அத்தான், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு அக்கா என் கையை அழுத்தவே இல்ல. நான்தான் பொய்யா ரெண்டு கொடுத்தேன். அவளை நான் விட்டுட்டு வந்துட்டேன் அத்தான். நான்...”

“தெரியும்.”

“அன்னைக்குக் கரையில நான் கத்துனது...”

“அதுக்கு முன்னாடியே தெரியும்மா. அவளே சொல்லிட்டா.”

அவள் அவரையே பார்த்தாள். பாவம், மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. அதுவும் என்னால்தான். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. “அத்தான், எழுந்திரிங்க. என்கூட வாங்க. டாக்டர்கிட்ட போகலாம்.”

“எதுக்கு? அவளுக்கு இப்ப ஒண்ணும் இல்ல. வெளிச்சம்தான் கண்ணுக்கு ஆகல. பதினோரு வருஷம் இல்லையா.”

அப்போதுதான் அவள் அதைக் கேட்டாள்.

உள்ளறையிலிருந்து ஒரு மூச்சு. நீளமாக, நிதானமாக இழுக்கும் மூச்சு. கொஞ்சம் இடைவெளி. பிறகு அது வெளியே வந்தது.

குமிழ் குமிழாக.

தண்ணீருக்குள் விடுகிற மூச்சு எப்படிக் கொப்பளித்துக்கொண்டு மேலே போகுமோ, அப்படியே. சொட்டுத் தண்ணீர் இல்லாத வீட்டில். கூரையில் ஏதோ மோதி உருள்வது போலக் கேட்டது.

“கோவமா...” அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “என்மேல கோவமா இருக்காளா?”

“கோவமா?” அத்தான் குனிந்து, ஒரு ரகசியத்தைப் பகிர்ந்துகொள்வது போல, அவள் காதருகே வந்தார். அவர் சட்டைக் கையில் சேறு காய்ந்திருந்தது. “உன்னைப் பத்தித்தாம்மா பேச்சே. வரும்போது உனக்கு முன்னாடிதான் வந்தாளாமே? பின்னாடி யாரோ உன்னைப் பிடிச்சு இழுத்தாங்களாம், உதறிட்டியாம். இவ கையை மட்டும் கெட்டியாப் பிடிச்சிக்கிட்டியாம். ‘இந்தத் தடவை என் தங்கச்சி என்னை விடவே இல்லைங்க’ன்னு சொல்லிச் சொல்லி அழறா.”

உள்ளறையில் மூச்சு நின்றது.

கட்டில் கிறீச்சிட்டது. யாரோ எழுந்து உட்காரும் சத்தம். ஈரப் பாதம் ஒன்று தரையில் பட்டது, பிறகு இன்னொன்று.

“உன் குரலைக் கேட்டுட்டா போல” என்றார் அத்தான். அவசரமாக எழுந்து போய், ஜன்னல் போர்வையின் ஓரத்தில் கசிந்த வெயிலை இழுத்து மூடினார்.